இரண்டாவது பிரேக்

மேம்பாலத்து ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறது, பயிற்சிப் பள்ளியின் அந்தச் சின்னக் கார். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருக்கும் தையல்காரம்மாவின் கழுத்தில், கழற்ற மறந்த அளவு நாடா தொங்குகிறது. சாயங்கால வெயில் கண்ணாடித் தூசியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. பின்னால் ஒரு பேருந்து முட்டுகிற மாதிரி வந்து நின்று உறுமுகிறது. நேற்று இதே இடத்தில் கார் பின்னால் உருண்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லித்தரும் பெண் மட்டும் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் அவ்வளவுதான்.

"உன் கால் பிரேக்குலதானே இருக்கு?"

"நீங்க ரோட்டைப் பாருங்கக்கா. கிளட்சை மெதுவா விடுங்க. வண்டி லேசா நடுங்கும், அப்போ பிரேக்கை எடுங்க."

பச்சை விழுகிறது. பேருந்து அலறுகிறது. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த இடது கால் நூலளவு மேலே வருகிறது. கார் நடுங்குகிறது. தடித்த துணியில் ஊசி இறங்கும்போது வருகிற அதே நடுக்கம்; இது அவளுக்குத் தெரியும். பிரேக்கை விடுகிறாள். கார் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேலே ஏறுகிறது. உச்சியில் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பெண் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே, பிரேக்குக்குப் பக்கத்தில், செருப்பு மட்டும் கிடக்கிறது.

"அடிப்பாவி! உனக்கு உசுரு மேல ஆசையே இல்லையா?"

"நிறைய இருக்குக்கா. ரெண்டாவது கியர் போடுங்க."

கியரைத் தேடிப் போகும் தையல்காரம்மாவின் கை, ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணின் கைமேல் படுகிறது. அது வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது.