போத்தலுக்குப் போன பியர்

அவள் ஒன்றும் சொல்லாமல் ரப்பர் குழாயைப் போத்தலுக்குள் விட்டாள்.

அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

எஃகுப் பீப்பாயை நேற்றே கழுவி, காஸ் சிலிண்டரையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தான். வீட்டில் நொதிக்கவைத்த பியரைப் பீப்பாயில் ஊற்றி, நுரைக்கக் காஸைக் கொடுத்தால் சில நாளிலேயே குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கல்கரிக்குப் போகுமுன் ஒரு கிளாஸாவது கிடைக்கும்.

காலையில் பேஸ்மென்டுக்கு வந்து பார்த்தால் மேசை முழுக்கப் போத்தல்கள்.

போத்தலுக்கு அவசரம் ஆகாது. கொஞ்சம் சீனியோடு மூடி வைத்துவிட வேண்டும். ஈஸ்ட் அதைத் தின்று காற்றாக்கும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்போது அவன் இங்கே இருக்கமாட்டான்.

கல்கரியில் வேலை கிடைத்ததையும் அதற்கு ஓமென்று சொல்லிவிட்டதையும் அவன் அறிவித்தது அவளுடைய தமையன் பகீரதன் வீட்டு விருந்தில். எல்லோரும் கைகொடுத்தார்கள். அவளும் அங்கேதான் கேள்விப்பட்டாள்.

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். அவன் பேஸ்மென்ட் சோபாவில் படுக்கத் தொடங்கினான். யாரும் துரத்தவில்லை. ரோஷம்தான்.

பியருக்கு அதெல்லாம் தெரியுமா? நொதித்து முடிந்தால் எடுத்தாக வேண்டும்.

அவள் நிரப்பினாள். அவன் மூடியை வைத்து அழுத்தினான். எத்தனையோ முறை சேர்ந்து செய்த வேலை, பேச்சே தேவைப்படவில்லை. அது அவனுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

முடிந்ததும் போத்தல்களைச் சோபாவின் தலைமாட்டுத் தட்டில் அடுக்கினான். பேஸ்மென்டில் சூடுள்ள மூலை அது ஒன்றுதான்.

அவள் குழாயையும் புனலையும் கழுவ மேலே போனாள்.

குசினித் தொட்டியில் ஒரு சின்னச் சட்டி கிடந்தது. அடியில் சீனிப்பாகு ஒட்டியிருந்தது.

சீனி காய்ச்சிப் பியரில் ஊற்றுவது எப்போதும் அவள் வேலை. இன்றைக்கும் விடியவே ஊற்றிவிட்டாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள்.

இது வேறு சட்டி.

இரட்டிப்புச் சீனி. பீப்பாய் என்றால் மேலேயுள்ள வளையத்தை இழுத்து மிஞ்சிய காற்றைத் திறந்துவிடலாம். போத்தலுக்கு அந்த வசதி இல்லை. தாங்கும் வரை தாங்கிவிட்டு வெடிக்கும். அவன் தலைமாட்டில்.

முதலில் பேசுகிறவர்தான் தோற்றவர் என்று வைத்திருந்தாள். படியில் பாதி இறங்குமுன்பே வாய் திறந்துவிட்டது.

“சீனி நீங்களும் போட்டனீங்களோ?”

அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அவன் முதலில் ஓமென்று தலையாட்டினான். பிறகுதான் கேள்வி விளங்கியது.

போத்தல்தான் என்று அவள் தீர்மானித்துவிட்டதால், சீனி காய்ச்சி ஊற்றும் வேலையையாவது தான் செய்து கொடுப்போம் என்று நினைத்ததாகச் சொன்னான். சமாதானத்துக்கு அவனுக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

இருவரும் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாவற்றையும் திறந்து பீப்பாயில் ஊற்றினால் அரை மணியில் ஆபத்து தீரும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பீப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் காலியாக நின்றது.

அவன் அதைச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

அவன் ஒரு போத்தலை எடுத்து மூடியைத் தடவிப் பார்த்தான்.

“ஒவ்வொரு நாளும் மூடியை மெல்ல நெம்பிக் காத்து விடவேணும். எல்லாத்துக்கும். திரும்ப இறுக்கவும் வேணும். உம்மால தனிய ஏலாது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கல்கரிக்கு என்ன சொல்லுவியள்?”

அவன் போத்தலைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

“என்ன சொல்லட்டும்? நீர் சொல்லும்.”