சுவரில் மாட்டிய நடிகை

சந்தன மாலையின் பச்சைக் குஞ்சம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஸ்டூல் மேல் ஏறி அதைச் சரிசெய்தாள் கலையரசி. மாலைக்குள் இருந்த படத்தில் பொட்டு வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவளும் கலையரசிதான்.

"ஊதுவத்தி ரெண்டு போதுமாம்மா?" என்றாள் மகள் துர்கா.

"நாலு வை. புகை வந்தாத்தான் செத்த மாதிரி இருக்கும்."

அனுபவம் பேசியது. கலையரசி சினிமா நடிகை. பதினாலு படம் முடித்திருக்கிறாள். பதினாலிலும் கதாநாயகனின் செத்துப்போன அம்மா. டைட்டில் ஓடும்போதே சுவரில் மாட்டிவிடுவார்கள். இன்டர்வியூவுக்குக் கிளம்பும் கதாநாயகன் கும்பிட்டுவிட்டுப் போவான், வேலை கிடைக்காமல் வந்து அழுவான். அவளை உயிரோடு காட்ட எந்தத் தயாரிப்பாளருக்கும் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை.

முதல் படத்துக்குக் கம்பெனி காட்டிய மாலையில் கரப்பான்பூச்சி இருந்தது. அதனால் அந்த ஷூட்டிங்குக்கே சொந்த மாலையோடு போனாள், இன்றுவரை அதே மாலைதான். வாங்கும்போதே குஞ்சம் அறுந்திருந்ததால் பக்கத்துவீட்டுத் தறியில் மிஞ்சிய பச்சைப் பட்டு நூலை வாங்கி அவளே கட்டிக்கொண்டாள்.

"கல்யாண வீட்டுல இதெல்லாம் அபசகுனம்மா."

"பதினாலு தடவ செத்திருக்கேன். என்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல."

அடுத்த வாரம் துர்காவுக்குக் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வரவேண்டியது தாய்மாமன். அந்தத் தாய்மாமன் கோதண்டபாணி, பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர், தங்கை நீட்டிய பத்திரிகையை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்குத் தங்கச்சியே கிடையாது. சினிமாவுக்குப் போன அன்னிக்கே செத்துட்டா. அவ நடிச்ச படம் ஓடுற தியேட்டர் பக்கம்கூட நான் போவ மாட்டேன்" என்றார். தெருவே கேட்டது.

மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். "பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரா, இல்லையா?"

கலையரசி யோசித்தாள். உயிரோடு கூப்பிட்டால் வராதவர், செத்தால் வந்துதானே ஆகவேண்டும்? அவள் கணவர் பத்திரிகை வைக்க வாலாஜாபாத் கிளம்பியதும், மாலை போட்ட படத்தைத் துர்காவின் போனில் எடுத்து அண்ணனுக்கு மட்டும் அனுப்பினாள். கீழே ஒரு எழுத்துகூடப் போடவில்லை. அதனால் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. கலையரசி சமையலறைத் திரைக்குப் பின்னால் ஓடினாள்.

கோதண்டபாணி உள்ளே வந்தார். கையில் கடைப் பை இருந்தது, மாலை இல்லை. பாவம், பதற்றத்தில் மறந்திருப்பார் என்று நினைத்தாள் கலையரசி. படத்துக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா..." என்று அழ முயன்ற துர்கா, புகையில் தும்மினாள்.

என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்வதற்குத் துர்கா மாரடைப்பை மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அது வீணாகப் போனது.

"இந்த வாயாலதாம்மா சொன்னேன், செத்துட்டான்னு" என்றார் படத்தைப் பார்த்து. "கம்பெனி வேன்ல உன்னைக் கூட்டிக்கினு போறத பாத்துட்டு தெருவுல நாலு பேரு சிரிச்சானுங்க. அவனுங்க மூஞ்சிய பாத்தேனே தவிர, உம் மூஞ்சிய பாக்கல. அப்பா போன பின்னால உனக்கு வேற யாரு இருந்தா? தப்பு பண்ணிட்டேம்மா."

திரைக்குப் பின்னால் கலையரசி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அந்தப் படத்துக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், எல்லாம் கிளிசரின். கிளிசரின் இல்லாமல் அழுத முதல் ஆள் இவர்தான். அதையும் ஏமாற்றி வாங்கியாகிவிட்டது.

கோதண்டபாணி பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துப் படத்துக்குக் கீழே வைத்தார். அரக்குச் சிவப்பு, உடம்பு முழுக்க ஜரிகை. சாவு வீட்டுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிப் புடவையில் யாரும் இவ்வளவு ஜரிகையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"கோடியா மாமா?" என்றாள் துர்கா மெதுவாக.

"கட்ட வேண்டியவ கட்டிக்கட்டும்."

கலையரசியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுண்ணா! நான் சாவலண்ணா. உன்னை வரவைக்கத்தான் இப்படிப் பண்ணேன். கூடப் பொறந்தவனைப் போய் அழ வச்சுட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா?"

கோதண்டபாணி அலறவில்லை. பேயைப் பார்த்ததுபோல் பின்வாங்கவும் இல்லை. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்தார்.

"நேர்ல சொல்ல வாய் வரலம்மா. படத்துகிட்ட சொல்றது சுளுவா இருந்துச்சு. திரைக்குக் கீழ உன் கால் தெரிஞ்சுது."

கலையரசி தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

"புடவ கல்யாணப் பொண்ணுக்கு. மணைக்கு நான்தான் கூட்டிக்கினு வருவேன், வேற எவனையும் விட்டுடாத."

"அப்ப, கடையில புடவ எடுக்கறப்பவே நான் சாவலன்னு உனக்குத் தெரியுமா? எப்படிண்ணா?"

அவர் கையை உயர்த்தி, மாலையின் பச்சைக் குஞ்சத்தை லேசாகத் தொட்டார்.

"பதினாலு படத்துலயும் இதே குஞ்சந்தானேம்மா."