பொதுக் கத்தி

ஒருவரையொருவர் குத்திக்கொள்ளாமல் இருக்க, ஊரார் தங்கள் கத்திகளையெல்லாம் ஒரு காவலனிடம் ஒப்படைத்தார்கள். ஏற்பாடு எளிமையானது: எல்லாருக்கும் பயப்படுவதற்குப் பதில் ஒருவனுக்குப் பயப்பட்டால் போதும். உண்மையிலேயே கொலைகள் நின்றன. காய்கறியைக் கையால் பிய்த்துச் சமைக்கப் பழகினார்கள். ஒருநாள் செங்கோடன் காவலன் முன் வந்து நின்றான்.

"கொழந்த பொறந்திருச்சுங்க. தொப்புள்கொடி அறுக்கணும், ஒரு கத்தி குடுங்க."

"கத்தி ஊருக்கே பொதுடா. ஒருத்தனுக்கு எப்படிக் குடுக்கிறது?"

"அந்தா தொங்குறது என் கத்திதானுங்க."

"இப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பீங்க" என்று காவலன் சிரித்தான்.

செங்கோடன் வெறுங்கையோடு வீடு திரும்பியபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. மருத்துவச்சி மருதாயி தன் வாயில் படிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

"கடிச்சுத்தான் அறுத்தேன். வெளிய சொல்லிராத தம்பி" என்றாள். "பல்லையும் கேப்பான்."