சொல்தா வீட்டு நோட்டீஸ்

“சார், அந்தத் தாளை மட்டும் கிழிச்சிடாதீங்க,” என்றாள் கலைமகள்.

சுகாதார ஆய்வாளர் நெடுமாறன் பைக்கை ஓரமாக நிறுத்தினார். கையில் மைக். எதிரே இருந்த பச்சை கேட்டைப் பார்த்தார்.

கேட்டில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. முழுக்கப் பிரெஞ்சு.

அது பலராமனின் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, இன்றும் யூரோவில் பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். எந்த விஷயத்திலும் சொல்தா வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தெரு முடிவெடுக்கும்.

குழாய் உடைந்து, குடிநீரில் சாக்கடை கலந்து ஆறு நாள் ஆகிறது. வாந்தியும் பேதியுமாகப் பதினான்கு பேர் ஆஸ்பத்திரியில். அவர்களில் மூன்று வயது நிலவனுக்கு இன்னும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற தமிழ் நோட்டீஸை, அந்தப் பகுதி நர்ஸான கலைமகள் வீடு வீடாகக் கொடுத்தாள். வாங்கி, அதில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள்.

நேற்றுக் காலை இந்தப் பிரெஞ்சுத் தாள் முளைத்தது. யாரோ அதன்மேல் செல்போனைக் காட்டித் தமிழில் படித்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடிக்கவும். அவ்வளவுதான் விஷயம். பிரான்ஸே தன் பென்ஷன்காரருக்கு அனுப்பியது என்று பேச்சு பரவியது. பொழுது சாய்வதற்குள் முக்கால்வாசி வீடுகளில் அடுப்பில் குண்டான் ஏறிவிட்டது.

“இத்தன நாளா தொண்டத் தண்ணி வத்த கத்தினேன் சார். ஒருத்தரும் காதுல வாங்கல. இது வந்தப்புறம்தான் காய்ச்சறாங்க. யாரு ஒட்டினா நமக்கு என்னா?”

“வெளிநாட்டுப் பேரைச் சொல்லி வதந்தின்னு ஆபீசுக்குப் புகார் வந்திருக்கும்மா. நான் பேசித்தான் ஆவணும்.”

“நீங்க பேசினா நிறுத்திடுவாங்க. இன்னும் நாலு புள்ளைங்க படுத்துக்கும்.”

அவர் மைக்கை இரண்டு தட்டு தட்டினார்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்தத் தாள் பிரான்ஸ்லேர்ந்து வரல. எங்க ஆபீஸ் சொன்னதுதான் இதுலயும் இருக்கு. வதந்திய நம்பாதீங்க.”

எதிர்வீட்டு மேனகா ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“உங்க ஆபீஸ் சொன்னது எதுக்கு சார் பிரெஞ்சுல இருக்கு? நீங்க தமிழ்ல எழுதறதே எங்களுக்குப் புரிய மாட்டேங்குது.”

வாசல்களில் சிரிப்பு கிளம்பியது.

“இல்லம்மா, நாங்க ஆறு நாளா இதத்தான...”

“மொத ரெண்டு நாளு தண்ணி சுத்தம்னு டிவில சொன்னது யாரு? உங்க பெரிய ஆபீசர் ஒரு கிளாஸ் குடிச்சே காட்டினாரு. அவரு குடிச்சது கேன் தண்ணியோ என்னவோ, அதப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரரு குழாயில புடிச்சிக் குடிச்சாரு. இப்ப ஆஸ்பத்திரில கெடக்கறாரு.”

நெடுமாறன் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“இன்னொரு சேனல்ல முப்பது பேரு செத்துட்டான்றான்,” என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி. “எந்தத் தெருவுலடான்னு கேட்டா அவனுக்கே தெரியல. நீங்க மூடி மறைக்கறீங்க, அவன் ஊதிப் பெருசாக்கறான். பிரான்சுக்காரன்தான் அவன் ஆளுக்கு ஒழுங்கா லெட்டர் போட்டிருக்கான்.”

“லெட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியவரையே கேளுங்க.”

பலராமன் கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா,” என்றார். “ஆனா நான் காய்ச்சித்தான் குடிக்கறேன்.”

“பாத்தியாக்கா, பெரியவரு வாயக் கட்டிட்டாங்க,” என்றாள் மேனகா.

“கடைசியா சொல்றேன்,” நெடுமாறன் குரலை உயர்த்தினார். “இது பிரான்ஸ் அனுப்பினது இல்ல. நம்பாதீங்க.”

“சரி சார், நம்பல. நீங்க கெளம்புங்க.” மேனகா திரும்பினாள். “அக்கா, அந்தக் கோடி வீடு மூணும் இன்னும் காய்ச்சாம இருக்கு. ஓடிப்போய் சொல்லு. கவர்மெண்டே ஆளு அனுப்பி இல்லன்னு சொல்லுதுன்னா, இது நூத்துக்கு நூறு நெசம்.”

அஞ்சலாட்சி முந்தானையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கோடி வீட்டிலிருந்து அடுப்பு லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது.

கலைமகளுக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே நெடுமாறனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தெருமுனை வரை அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வர, அவளும் கூடவே நடந்தாள்.

“உங்களத்தான் ரொம்பக் கேவலமா பேசிட்டாங்க சார்.”

“பேசட்டும்மா.”

நெடுமாறன் பைக் பெட்டியைத் திறந்து, அதே பிரெஞ்சுத் தாளில் இன்னொன்றையும் பசை டப்பாவையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

“ப்ளஸ் டூல மார்க்குக்காகப் படிச்ச பிரெஞ்சு. பலராமன் ஐயாதான் மூணு தப்பு திருத்திக் குடுத்தாரு. பின்னாடி தெருவுலயும் ஒரு சொல்தா வீடு இருக்கு, நீ போய் இத ஒட்டிட்டு வந்துடு. ஒரு மணி நேரம் கழிச்சு நான் வந்து யாரும் நம்பாதீங்கன்னு சொல்றேன்.”