வண்டி யார் பெயரில்?

“கண்ணாடியை ஏத்து, இஃப்ஃபத்” என்றார் ஹிதாயத்துல்லா.

“ஏசியை அணைச்சாச்சு அத்தா. ஏத்தினா உள்ளேயே வெந்துடுவோம்.”

சிதம்பரத்தில் கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, வீடு வரை சார்ஜ் போதும் என்றது கார். அரியாங்குப்பம் வருவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. வீராம்பட்டினத்தில் ஒரு சார்ஜிங் பாயின்ட் இருப்பதாக செல்போன் பச்சைப் புள்ளி காட்டியது. தேடி வந்தார்கள். இருந்தது. திரையில் உயிரில்லை. அதன் கம்பத்தில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். கார் இன்னும் கொஞ்ச தூரம் ஊர்ந்து, தெருமுனையில் நின்றுவிட்டது.

ஆடி வெள்ளிக்கிழமை, தேர்த் திருவிழா. கோயில் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. மஞ்சள் துணி கட்டிய ஆட்கள் ஐந்தாறு பேர் காரைப் பார்த்தபடி எழுந்தார்கள்.

ஹிதாயத்துல்லாவுக்கு நேற்று செல்போனில் பார்த்த வீடியோ நினைவுக்கு வந்தது. எங்கேயோ வடக்கே. நின்றுபோன ஒரு கார். சுற்றிலும் ஆட்கள். முதலில் பெயரைத்தான் கேட்டார்கள்.

“முக்காட்டை எடுத்துடு.”

இஃப்ஃபத் திரும்பிப் பார்த்தாள். “என்ன சொன்னீங்க?”

“எடுன்னா எடு. கொஞ்ச நேரத்துக்கு.”

“நாப்பது வருஷம் மேடையில பேசினவரு சொல்ற பேச்சா இது? எங்கத்தா யாருக்கும் பயப்பட மாட்டாருன்னு ஸ்கூல் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“அப்ப நான் தனி ஆளா நின்னேன். இப்ப பக்கத்துல நீ இருக்க.”

அவள் துப்பட்டாவைத் தோளுக்கு இறக்கினாள். கம்பெனியின் உதவி நம்பரை அழைத்தாள். குரல் கார் ஸ்பீக்கரில் அதிர்ந்தது.

“வணக்கம் மேடம். இழுவை வண்டி அனுப்பறோம். வண்டி யார் பேர்ல இருக்கு?”

ஆட்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

“மேடம், எங்க ரெக்கார்டுல ஹிதாயத்...”

ஹிதாயத்துல்லா பாய்ந்து அழைப்பைத் துண்டித்தார்.

“அத்தா! உதவிக்கு ஆள் அனுப்பறவங்க!”

“சும்மா இரு. அத்தான்னும் கூப்பிடாதே. அப்பான்னு சொல்லு.”

பாதி இறங்கியிருந்த கண்ணாடியில் ஒரு விரல் தட்டியது.

“இன்னா சார், வண்டி நின்னுபோச்சா?”

“சார்ஜ் இல்ல.”

“கரண்ட்டு வண்டியா? கேன்ல வாங்கியாந்து ஊத்தவும் முடியாதே!”

எல்லோரும் சிரித்தார்கள். ஹிதாயத்துல்லா கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சாரு பேரு?”

மகளைப் பார்க்காமல் சொன்னார்: “காசிலிங்கம்.”

எதிர் வீட்டிலிருந்து மீன் விற்கும் கண்ணகி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆட்களை விலக்கிக்கொண்டு குனிந்து, அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“காசிலிங்கமா?”

“ஆமா.”

“எந்த ஊரு சார்? எந்தத் தெரு?” என்றான் கண்ணாடியைத் தட்டியவன்.

“டேய் ஆனந்தராஜ், நீ இன்னா சம்பந்தம் பேசவா போற? வண்டியைத் தள்ளுடா. எங்க வீட்டுல பெரிய பிளக்கு இருக்கு.”

பத்துப் பன்னிரண்டு கைகள் காரின் மேல் விழுந்தன. கார் குலுங்கியது. உதவி நம்பரிலிருந்து திரும்ப அழைத்தார்கள். ஹிதாயத்துல்லா மகளின் செல்போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

கண்ணகி மீன் வைத்திருந்த ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“மீன் கெட்டுடும்மா” என்றாள் இஃப்ஃபத்.

“ஐஸ் போட்டுக்கறேன். நீ உன் ஒயரைக் குடு.”

டிக்கியிலிருந்த ஒயர் தெருவைத் தொட்டு, வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. காரில் பச்சை விளக்கு மினுக்கியது.

“ஒரு மணி நேரம் போதும், வீடு போயிடலாம்” என்றாள் இஃப்ஃபத்.

அந்த ஒரு மணி நேரமும் ஹிதாயத்துல்லா பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியிலேயே இருந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பம்பை நெருங்கி வந்தது. தெரு முழுக்கத் தலைகள்.

கண்ணகி இஃப்ஃபத்திடம் சொன்னாள்: “கடக்காத்துல முடி பறக்குது பாரு. துணியைத் தலைக்குப் போட்டுக்கம்மா.”

இஃப்ஃபத் அத்தாவைப் பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியை நகர்த்தி அவளை மறைத்துக்கொண்டார்.

கூட்டம் வாசலுக்கு வந்தபோது ஆனந்தராஜ் ஓடினான். ஹிதாயத்துல்லா கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒயரை மிதிக்காதீங்கப்பா! ஒதுங்கிப் போங்க! வயசானவரு வண்டி!”

கண்ணைத் திறந்தார். அவன் கைகளை விரித்து ஒயருக்குக் காவல் நின்றிருந்தான்.

பன்னிரண்டு பெர்சன்ட் ஏறியது. ஆட்கள் தேர்ப் பக்கம் போய்விட்டார்கள். ஹிதாயத்துல்லா காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

கண்ணகி ஒயரைச் சுருட்டி அவர் மடியில் வைத்தாள். ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்தாள்.

“கடலரிப்புக்குக் கல்லு கொட்டச் சொல்லி ஒரு மறியல் நடந்துது. எங்களை எல்லாம் வேன்ல ஏத்தினாங்க. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. ஸ்டேஷன்ல பேரு கேட்டாங்க. பயத்துல வேற பேரைச் சொல்லிட்டேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“பக்கத்துல நின்ன தலைவருக்கு என் நெசப் பேரு தெரியும். காட்டிக் குடுக்கல. வெளிய வந்தப்புறம்தான், யாருக்கும் கேக்காம, ‘பயப்படாமப் போம்மா கண்ணகி’ன்னாரு.”

சொல்லிவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருமில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

“பயப்படாமப் போங்க, ஹிதாயத்துல்லா தோழர்.”