எளிலரசி

உப்பளத்தில் உப்பு வாரும் நான் எழுத்துப் படித்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். படித்த சூட்டோடு, ஓசூரில் இருக்கும் எழிலரசி அக்காவின் பெயரை ஒரு கைக்குட்டையில் சிவப்பு நூலால் தைத்தேன். அக்காவை நேரில் பார்த்ததில்லை; போனில் நடக்கும் பூத்தையல் குழுவில் பழக்கம்.

அனுப்புவதற்குப் படம் எடுத்தேன். துணியில் ‘எளிலரசி’ என்று இருந்தது. போனில் ‘எழிலரசி’ என்று தெரிந்தது. கோணல் தையலும் நேராகியிருந்தது.

“பிழையைத் திருத்திவிட்டேன்” என்றது போன்.

“ஒன்னைய யாரு கேட்டா? உள்ளபடி காட்டு.”

“பிழையுள்ள படங்களை அனுப்ப இயலாது.”

இப்போது எல்லாப் போனும் இப்படித்தான். குழுவில் யார் தைத்தாலும் ஒரே கை தைத்த மாதிரி இருக்கும். அக்கா இத்தனை நாளும் அழகு, அழகு என்று சொன்னது என் தையலைப் பார்த்து இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஒரு எழுத்தைப் பிரித்துத் தைத்திருக்கலாம். மாட்டேன் என்று இருந்துவிட்டேன். தப்பானாலும் அது என் கை போட்டது. துணியை அப்படியே கவரில் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அடுத்த வாரம் அக்கா போனில் கூப்பிட்டார்.

“அடியே உலகம்மா, எம்பேரையே கொன்னு வச்சிருக்கியேடி! தையலா இது, கோழி கிளறுன மாதிரி?” சிரிப்பு அடங்கவில்லை.

“பிரிச்சிராதீங்கக்கா.”

“பிரிக்கிறதா? வாசக்கதவுல ஆணி அடிச்சு மாட்டியாச்சு. எவன் திருத்த வர்றான்னு பாக்குறேன். இந்தத் தெருவுல இனிமே நான் எளிலரசிதான்டி!”