முள் இறங்கிய ஞாயிறு

"முள்ளு நாலு புள்ளி இறங்கியிருக்கு! பெரிய காத்து கிளம்பப்போகுது, பாரு." காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டினார் கணவர். விடிந்தும் விடியாமலும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றார். துடுப்பு சோபாவில் சாய்ந்திருந்தது.

மனைவி முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். "ஏங்க, வானிலை அறிக்கையில கடல் அமைதியா இருக்கும்னுல்ல போட்டிருக்கான்?"

"அவன் கரை முழுக்கச் சேர்த்து மொத்தமா சொல்றான். இது நம்ம இடத்தைச் சொல்லுது. ரெண்டும் முட்டிக்கிட்டா முள்ளைத்தான் நம்பணும்."

ஜன்னலுக்கு வெளியே, பன்னிரண்டு மாடிக்குக் கீழே, கடல் இஸ்திரி போட்ட புடவையாகக் கிடந்தது.

அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. உப்பங்கழியில் நாலு தடவை கயாக் படகு ஓட்டிய மனிதர், அவள் தம்பியின் கேலிக்கு ரோஷப்பட்டு, எதிரே தெரியும் தீவு வரைக்கும் திறந்த கடலில் போய் வருவதாகச் சவால் விட்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னால் கட்டாயம் போவார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

ஆனால் அவள் இயற்பியல் டீச்சர். கரையிலிருக்கும் படகுக் கொட்டகையில் அவர் நேற்று முள்ளின் அளவைப் பார்த்து மாட்டிவிட்டு வந்த பாரோமீட்டரை, நேற்றிரவே அவர் குளிக்கப் போன நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். உயரே போனால் காற்றழுத்தம் குறையும். முள் இறங்கப் புயல் எதற்கு, லிஃப்ட் போதாதா?

'உப்புக்காத்துல துருப்பிடிச்சிடுமேன்னு எடுத்துட்டு வந்தேன்' என்று ஒரு பதிலும் கைவசம் வைத்திருந்தாள். அது எப்படி மேலே வந்தது என்று மனிதர் கேட்கவேயில்லை.

போன் அடித்தது. தம்பிதான்.

"என்ன மாமா, கால் நடுங்குதா?"

"போடா மாப்ளே! பயமா, எனக்கா? முள்ளு இறங்குதுடா. விவரம் தெரிஞ்சவன் எவனும் இன்னைக்குத் தண்ணியில கால் வைக்க மாட்டான்."

"சரி, அப்ப அடுத்த ஞாயிறு?"

"முள்ளு மட்டும் சரியா நிக்கட்டும், நான் ரெடி!"

அடுத்த வாரமுமா? அவள் முகத்தைக் காட்டாமல் சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

ஜாக்கெட்டைக் கழற்றியபடியே பின்னால் வந்தவர், போன் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த சனிக்கிழமையும் மறக்காம அதை மேல கொண்டாந்துடும்மா."